கத்தரிக்கோல் வளர்ந்த கதை

நான் பெரிய ஆள். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஞாபகமறதி அதிகம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. கேட்பவர்களிடம் மாற்றித்தான் சொல்வேன். லாரி நிறுத்தத்துக்கு எதிரே, பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்த சந்தில், ஒரு கோணியூசியும் ஒரு பந்து நூலுமாக உட்கார்ந்து கிழிந்த தார்ப்பாய்களைத் தைக்க ஆரம்பித்தேன். மழை வந்தால் மடியில் கிடக்கும் தார்ப்பாயே கூரை. இன்றைக்கு அந்தச் சந்து, பஞ்சர் கடை இரண்டையும் விழுங்கிவிட்டு நிற்கிறது என் கடை. உள்ளே இருக்கும் வெட்டு மேஜையில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். டீக்கடையை மட்டும் விட்டுவைத்தேன். எனக்கு டீ வேண்டுமே.

என் பெயரைச் சொன்னால் லாரி நிறுத்தத்தில் யாருக்கும் தெரியாது. ‘சாண்காரர்’ என்று கேட்டால், வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தே கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். அளக்கும் டேப்பை நான் தொட்டதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் கையைத் தார்ப்பாயின் மேல் நடக்கவிட்டால், சுவரில் பல்லி போகிற மாதிரி போகும். டிரைவர் நீளத்தைச் சொல்லி வாயை மூடுவதற்குள் சாக்பீஸ் கோடு விழுந்திருக்கும்.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன? தார்ப்பாய்த் தொழிலின் சௌகரியமே அதுதான். கயிறு போட்டு இழுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கடை நடத்தினேன், வீடு கட்டினேன், குடித்தனமும் நடத்தினேன். குடித்தனம் எப்படி என்று என் மனைவியைக் கேட்காதீர்கள். இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பாள்.

வண்டியில் தார்ப்பாயைக் கட்டி முடித்ததும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். ‘தம்’ என்று சத்தம் வந்தால் வண்டி கிளம்பலாம். ‘தொப்’ என்று வந்தால் மறுபடி இழுக்க வேண்டும். இந்தக் கையின் பெருமை அத்தோடு முடியவில்லை. இந்த வயதிலும் எங்கள் வீட்டில் நான் திறக்க முடியாத பாட்டில் கிடையாது. மூடியில் கை வைத்தால் போதும், பயந்துபோய்த் தானே திறந்துகொள்ளும். சாப்பிட உட்காரும்போது மனைவிக்குக் காட்டுவதற்காகவே இரண்டு மூன்று பாட்டில்களைத் திறந்து வைப்பேன். அவளும், “அடேங்கப்பா” என்பாள்.

அப்படிப்பட்ட கையிலிருந்துதான் என் மகள் கத்தரிக்கோலைப் பிடுங்கினாள்.

பிடுங்கினாள் என்றால் சண்டை போட்டு இல்லை. கொஞ்ச நாளாகவே கடையில் ஒரு தொல்லை. நான் வெட்டிக் கொடுத்த தார்ப்பாய்களை எடுத்துப் போன டிரைவர்கள் திரும்பி வந்து, பின்பக்கம் எட்டவில்லை, மூட்டையெல்லாம் நனைந்துவிட்டது என்று கத்தினார்கள். “இப்பல்லாம் வண்டியைப் பெருசா கட்டுறானுங்க. லாரி வளந்துபோச்சுய்யா, நான் என்ன பண்ண?” என்றேன். ஒருத்தன் என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்த நாள் கத்தரிக்கோல் மேஜையில் இல்லை.

“சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன்பா” என்றாள் மகள்.

அதற்கும் அடுத்த நாள் போய்ப் பார்த்தால், அவள் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கடைக்குக் கூரை போட்ட வருஷம் வாங்கிய கத்தரிக்கோல் அது. வளையத்தில் சுற்றியிருக்கும் துணி என் கட்டைவிரலின் வடிவத்துக்குக் குழிந்திருக்கும். வேறு யார் விரலை விட்டாலும் உறுத்தும்.

“சாணை பிடிச்சாச்சா?”

“ஆச்சுப்பா. நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க.”

“எனக்கு என்ன கேடு? காரணத்தைச் சொல்லு.”

“காரணம்னு ஒண்ணும் இல்லப்பா.”

என் மகள் என்னைப் போல. பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன. எனக்குக் கடை வேண்டாம், கல்லா வேண்டாம், அதெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். அந்த மேஜை முன்னால் நிற்கும் இடம் வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் வேண்டும். அது இல்லாமல் என்னை என்னவென்று சொல்வது? டீக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் என்றா?

வீட்டில் உட்கார்ந்து சமையலறை அலமாரி எத்தனை சாண் என்று அளந்துகொண்டிருந்தேன். மனைவி என்னைச் சுற்றிப் பெருக்கினாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கத்தரிக்கோலுக்கு என் கையாலேயே தோலில் ஓர் உறை செய்ய வேண்டும். அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தால், அப்பா கை இன்னும் கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கத்தரிக்கோல் உறைக்குள் போகும், உறை என் இடுப்புக்கு வரும். யோசனை பிரமாதம். தோல் வேலை மட்டும் தெரியாது.

இதை என் சகலையிடம் சொன்னது தப்பு. மனைவியின் தங்கையைக் கட்டியவர். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு, கொசுவின் கால் தடிமனுள்ள திருகாணியைத் தேடுவதே அவருக்கு வேலை. தார்ப்பாய் வெட்டுவதையெல்லாம் ஒரு தொழிலாகவே மதிக்க மாட்டார்.

“சகலை, உங்க சாணுக்குள்ள என் மொத்தக் கடையும் அடங்கிடும். நீங்க போய் நுணுக்கமா தோல் வேலை செய்யப் போறீங்களா?”

“தார்ப்பாயைத் தைச்ச கைக்குத் தோல் எம்மாத்திரம்? அது தடிமனான துணி, அவ்வளவுதான்.”

“சரி, வாங்குங்க. தோல் கைக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. பின்னால ‘வி’ சேக்குறது மட்டும்தான் பாக்கி.”

தோல்வி என்று சொல்கிறாராம். இவர் சொன்ன நகைச்சுவைக்கு இவரே லென்ஸ் கழன்று விழும்படி சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தோல் துண்டுகள் விற்கும் கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்கார அம்மா குரலை இறக்கிப் பேசத் தெரியாதவர். ஒரு காலத்தில் செருப்புக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தாராம். இன்னும் நூறு பேரை வேலை வாங்குகிற சத்தம். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலேயே முறையைச் சொன்னார்.

“முதல்ல காகிதத்துல அச்சு வெட்டணும் பெரியவரே. அச்சை உங்க கத்தரிக்கோல் மேல வெச்சுப் பாக்கணும். சரியா இருந்தாத்தான் தோல்ல கோடு. கோட்டுக்கு அப்புறம் வெட்டு. அப்புறம் பசை. உள்ள ஓரத்துல ஒரு பட்டை வெச்சு ஒட்டுங்க, இல்லன்னா கத்தரிக்கோல் தையலையே வெட்டிடும். பசை காஞ்சப்புறம் ஓட்டை. ஓட்டை போட்டப்புறம்தான் ஊசி. கடைசியா ஓரத்தைத் தண்ணி தொட்டுத் தேயுங்க. மாத்திச் செய்யாதீங்க. காதுல விழுதா?”

“விழுது.”

“விழுந்த மாதிரி தெரியலயே.”

விழுந்தது. உள்ளே போகவில்லை. எங்கள் தொழிலில் முறை நேர் எதிர். தார்ப்பாயில் முதலில் தைப்போம், பிறகுதான் வெட்டுவோம். சுற்றிலும் ஒரு கை அகலம் கூடுதலாக விட்டுத் தைத்துவிட்டு, கடைசியில் நறுக்கி எறிவோம். தையல் கோணிப்போனால் பிரித்துத் தைப்போம். பழைய ஓட்டையில் மெழுகைத் தடவினால் மழைக்கே தெரியாது. இத்தனை வருஷம் சரியாக வந்த முறை ஒரு கையகலத் தோலுக்கு மட்டும் சரிவராதா?

சரிவரவில்லை. சாப்பாட்டு மேஜையில் தோலை மடித்துப் போட்டு, என் கோணியூசியால் குத்தினேன். ஊசி உள்ளே போக மாட்டேன் என்றது. சுத்தியலால் ஒரு போடு போட்டேன். ஊசி தோலுக்குள் போய், மேஜைக்குள்ளும் போய், அங்கேயே நின்றுவிட்டது. பிடுங்கினேன். பாதி வந்தது.

“ஏங்க, மேஜை மேல வெச்சுத் தைக்கச் சொன்னாங்களா, மேஜையோட சேத்தே தைக்கச் சொன்னாங்களா?” என்றாள் மனைவி.

வேறு ஊசியால் எப்படியோ தைத்தேன். தையல், குடித்தவன் வீட்டுக்குப் போகிற பாதையாக இருந்தது. பிரித்தேன். ஓட்டைகள் அப்படியே நின்றன. மெழுகு தடவினேன். ஓட்டைகள் மெழுகு பூசிக்கொண்டு இன்னும் பளிச்சென்று தெரிந்தன. கயிறு போட்டு இழுத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி அந்த அம்மாவின் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், “முதல்ல தைச்சீங்களா?” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். புதுத் தோல் வாங்கினேன். முள்கரண்டி போல் பல் வைத்த உளி ஒன்றும் வாங்கினேன். அதை வைத்துத் தட்டினால் ஓட்டைகள் வரிசையாக விழும். முறையை மறுபடி சொல்லச் சொல்லி, இந்தத் தடவை வாயால் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அச்சு, கோடு, வெட்டு, பசை, ஓட்டை, ஊசி, தேய்ப்பு. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

அச்சு வெட்டக் காகிதத்தை விரித்தேன். கத்தரிக்கோல் எங்கே? மகளின் ஆணியில்.

“பொண்ணுக்கு ஒரு போன் போட்டு, நீளம் எவ்வளவுன்னு கேளுங்களேன்” என்றாள் மனைவி.

“என் கத்தரிக்கோலுக்கு நான் அவகிட்ட அளவு கேக்கணுமா? அது வளையம் போக ஒரு சாண், நாலு விரல். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.”

கையை விரித்துக் காகிதத்தின் மேல் வைத்தேன். அவள் என் கையையே பார்த்தாள். என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தடவை ஒரு படியும் தாண்டவில்லை. காகிதத்தை வெட்டினேன், கோடு போட்டேன், வெட்டினேன். பட்டையை வைத்து ஒட்டி, மேலே அம்மிக் கல் போல் கனமான இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்துக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உளியை வைத்துத் தட்டினேன். ஓட்டைகள் ராணுவ வரிசை. தைத்தேன். தண்ணீர் தொட்டு ஓரத்தைத் தேய்த்தேன், அது ஆற்றுக் கூழாங்கல்போல வழவழப்பானது. உறையை வாங்கிப் பார்த்த சகலை லென்ஸை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகம் போன போக்குக்காகவே இன்னும் நாலு உறை தைத்திருக்கலாம்.

இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்க்கச் சகலையையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உறையை வெட்டு மேஜையில் வைத்தேன். தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். மகள் எடுத்துப் பார்த்தாள். தையலின் மேல் விரலை ஓட்டினாள்.

“நீங்களா பண்ணீங்க?”

“பின்ன, உங்க சித்தப்பாவா?”

“அப்பா, ரொம்ப அழகா இருக்குப்பா” என்றாள். காது சிவக்கவில்லை. மெய்யாகத்தான் சொன்னாள்.

“அந்தக் கத்தரிக்கோலை எடு.”

எடுத்துக் கொடுத்தாள். என் கட்டைவிரல் அதன் குழிக்குள் போய் உட்கார்ந்தது. எல்லோரும் பார்க்க, உறைக்குள் விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. போய், நின்றது. அலகு இன்னும் இரண்டு விரல் வெளியே இருந்தது. அழுத்தினேன். முனை உறையின் அடியைக் குத்த ஆரம்பித்தது.

“கத்தரிக்கோலை மாத்திட்டியா?” என்றேன்.

“இல்லப்பா.”

“சாணை பிடிக்கிறவன் மாத்திக் குடுத்திருப்பான். இது என் கத்தரிக்கோலே இல்ல. இது நீளம்.”

“உங்க துணிதானேப்பா சுத்தியிருக்கு?”

சகலை வாயைத் திறந்தார். “ஓ! லாரிதான் வளந்துதுன்னு நெனச்சேன். கத்தரிக்கோலும் வளந்துடுச்சா…” என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மனுஷன் நகைச்சுவையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

மகள் கத்தரிக்கோலை மேஜையில் கிடத்தினாள். “வளையத்துக்குக் கீழேர்ந்து கையை வைங்கப்பா.”

வைத்தேன். ஒரு சாண். அதன் மேல் நாலு விரல். கத்தரிக்கோல் அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கையை இன்னும் விரித்தேன். கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்துக்கொண்டு, மாட்டேன் என்று நின்றது. எத்தனை நாளாக அப்படி நிற்கிறது? குளிருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். கோடைக்காலம் வந்தும் போயும் விட்டது.

அவள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து விரித்தாள். ஒரு சாண். நாலு விரல். அச்சாக முனையில் போய் நின்றது. சின்ன வயதில் இந்த மேஜையில் ஏறி உட்கார்ந்து, தன் இரண்டு சாணை என் ஒரு சாணோடு வைத்துப் பார்த்துத் தோற்றுப்போன கை அது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“எப்படிப்பா சொல்றது? உங்க பேரே அதுதானே.”

யாரோ மிஷினை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார்கள். நல்ல பிள்ளைகள். நான் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “டீ குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை நானே எடுத்தேன். மளிகைக் கடையிலிருந்து வந்து, அப்போதுதான் அலமாரியில் ஏறியது. திருகினேன். மூடி அசையவில்லை. துண்டை வைத்துத் திருகினேன். அது என்னைப் பார்த்துப் பயப்படுவதாகவே தெரியவில்லை.

“குடுங்க” என்று வாங்கித் திறந்தாள் மனைவி. “இன்னும் லூஸ் பண்ணி வைக்கல.”

“லூஸ் பண்ணியா? மத்ததெல்லாம்?”

தட்டில் சாதம் போட்டாள்.

“எத்தனை நாளா இது நடக்குது?”

“லாரி வளர ஆரம்பிச்சதுலேர்ந்து.”

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். நான்தான் முதலில் சிரித்தேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. பயந்து திறந்த பாட்டில்களாம்! வீடு முழுக்க எனக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மூடிகள் உட்பட.

மறுநாள் கடைக்கு ஒரு காகிதத்தோடு போனேன். “கத்தரிக்கோலைக் குடு” என்றேன். வாங்கிக் காகிதத்தின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். சாணும் இல்லை, விரலும் இல்லை. வரைந்து முடித்ததும் மகளே ஆணியில் மாட்டிக்கொள்ளட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். தோல் கடை அம்மா மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும், “அச்சை வெச்சுப் பாக்கலையா?” என்றார். இவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

அந்த உறையை நானும் மனைவியும் சேர்ந்து தைத்தோம். ஊசியை நான் விடுவேன். நூலை இறுக்கி இழுப்பது அவள். “கடைசில யாரு இழுக்கிறா பாத்தீங்களா?” என்றாள். பதில் சொல்லவில்லை. ஊசி என் வாயில் இருந்தது.

கத்தரிக்கோல் இந்தத் தடவை உள்ளே போய், ‘சுக்’ என்று உட்கார்ந்தது. மகள் அதை வெளியே உருவி, வளையத்தை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தாங்கப்பா.”

வாங்கினேன். கனம் அதே கனம். விரல் அதே குழி. மேஜையில் பச்சைத் தார்ப்பாய் ஒன்று விரித்துக் கிடந்தது, கோடு போட்டு, வெட்ட ஆள் இல்லாமல். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கத்தரிக்கோலை உறைக்குள் விட்டு, உறையை அவள் இடுப்பில் மாட்டினேன்.

“உன் சாணுக்குத்தான் இது சரியா இருக்கு. நீயே வெச்சுக்க. துணியை மட்டும் பிரிச்சு, உன் விரலுக்குச் சுத்திக்க.”

அவள் துணியைப் பிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “வெளிய ஒரு வண்டி நிக்குதுப்பா” என்றாள். “ராத்திரி மழையிலேயே கட்டினது. நான் தட்டினா எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்குது. நீங்க வந்து தட்டுங்க.”

தட்டுவதற்குக் கையை விரிக்க வேண்டாம். உள்ளங்கை போதும். வெளியே போனேன். டிரைவர்கள் வழிவிட்டார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டேன், வேண்டுமென்றே கொஞ்சம் காக்க வைத்தேன், பிறகு ஓங்கித் தட்டினேன்.

‘தொப்’.

மேலே தொய்வில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் முழுவதும் என் தலையில் இறங்கியது. ஒரு குடம் இருக்கும். மூக்குக்கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே மிஷின்கள் நின்றன. சகலை அன்றைக்கு வரவில்லையே என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அவர் அந்தக் குட்டை உறையைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார். திருகாணி முடுக்கிகளை அதில்தான் வைத்திருக்கிறார். அவருடைய சாமான்களுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறதாம்.

“எப்படிப்பா இருக்கு?” என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“லூஸா இருக்கு. கயிறு போட்டு இழுங்க, சரியாயிடும்.”